ஹம்மாமில் கிடந்த சவர்க்காரம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது உள்ளத்தின் நோய்கள், தொழுகையின் அந்தரங்கம், மரண சிந்தனை போன்றவைதாம். ரமழான் இரவுகளில் பள்ளிவாசல்களில் எடுத்துச் சொல்லப்படுவதும் அந்தப் பகுதிகளே. ஆனால் அந்நூலின் இரண்டாம் காற்பகுதியில், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது பற்றிய பாகத்தின் பிற்பகுதியில், இமாமவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறார்கள். பள்ளிவாசலில் தொடங்கி, சந்தைக்குப் போய், தெருவில் நடந்து, ஹம்மாம் எனும் பொதுக் குளியலகத்துள் நுழைந்து, விருந்து வீட்டுக்கு வந்து சேர்கிறது அந்தச் சுற்று. ஒவ்வோர் இடத்திலும் மக்கள் பழகிப்போய்க் கண்டுகொள்ளாமல் விடும் தவறுகளைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

தெருவில் வத்தகைத் தோலை எறிவது, ஆட்கள் சறுக்கி விழும்படி தண்ணீர் தெளிப்பது, கசாப்புக்காரர் கடை வாசலிலேயே அறுத்து வழியை இரத்தமாக்குவது எல்லாம் அதில் உண்டு. ஹம்மாமுக்குள் நுழைந்ததும் வாசலில் பதித்திருக்கும் வழுவழுப்பான கல்லைப் பார்க்கிறார்கள். கவனமில்லாமல் வருபவன் அதில் வழுக்கி விழுவான், ஆகவே அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கடுத்ததாக ஒரு கேள்வியை எடுக்கிறார்கள். குளிக்க வந்த ஒருவன் இலந்தை இலைத் தூளையும் சவர்க்காரத்தையும் தரையில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். பின்னால் வந்த இன்னொருவன், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் கிடந்த அதில் சறுக்கி விழுந்து உறுப்பை முறித்துக்கொண்டான். இப்போது ஈடு கொடுக்க வேண்டியவர் யார்? விட்டுப் போனவனா, ஹம்மாம் நடத்துபவனா?

இமாமவர்களின் விடை இது: சவர்க்காரம் விடப்பட்ட முதல் நாளில் விழுந்தால் பொறுப்பு விட்டுப் போனவனுடையது. இரண்டாம் நாளில் விழுந்தால் பொறுப்பு ஹம்மாம்காரருடையது. ஏனென்றால் ஹம்மாமை நாள்தோறும் கழுவித் துப்புரவாக்குவது வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் மக்கள் உள்ளே வருகிறார்கள்.

நான் ஆலிம் அல்லன். தமிழில் சிறப்புப் பட்டம் பெற்று, பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். 'ஈடு' என்ற சொல்லின் வரலாற்றைத் தேடப் போன இடத்தில்தான் இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. பக்தாதின் நிழாமிய்யா கலாசாலையில் வகித்த பெரும் பதவியை 1095 இல் உதறிவிட்டு வெளியேறி, 1111 இல் மறைந்த ஒரு மகான், உலகப் பற்றைத் துறப்பது எப்படி என்று சொல்லும் நூலுக்குள் ஒரு குளியலகத் தரையையும் அதில் கிடந்த சவர்க்காரத்தையும் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார். ஒரு வியாபாரத் தலத்தில் காயப்பட்டவன் ஈடு கேட்பது உலகாசை, பேராசை என்று பேசும் நம் ஊர்களில் இந்தப் பக்கம் ஏன் வாசிக்கப்படுவதில்லை என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரபியில் 'ழமான்' என்பது பொறுப்பேற்பு, ஈடுசெய்யும் கடமை இரண்டையும் குறிக்கும். தமிழில் 'ஈடு' என்றால் ஒப்பானது, சமமானது. இழந்ததற்குச் சமமானதை வைப்பதுதான் ஈடு. ஆனால் நம் தமிழ்க் கதை மரபில் காயத்துக்குப் பதில் என்று வரும்போது ஈடு அருகியே வருகிறது. தண்டனையே முன்னுக்கு நிற்கிறது. கன்றின் மேல் தேரேற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம். அதே கதையை மகாவம்சம் அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. ஆனால் அதே மகாவம்சத்தின் அதே அத்தியாயத்தில் எல்லாளனைப் பற்றி இன்னொரு சம்பவமும் இருக்கிறது. அவனுடைய தேரின் நுகத்தடி ஒரு தூபியில் மோதிக் கற்கள் பெயர்ந்துவிடுகின்றன. தன் தலையையும் தேர்ச்சில்லாலேயே துண்டிக்கும்படி அரசன் இறங்கி நிற்கிறான். அமைச்சர்கள் மறுத்து, தூபியைத் திருத்திக்கொடுத்தால் போதும் என்கிறார்கள். பெயர்ந்தவை 15 கற்கள். அவன் செலவிட்டது 15,000 கஹாபணம். தலைக்குத் தலை என்ற நியாயம் அந்த இடத்தில் ஈட்டுக்கு வழிவிடுகிறது. நம் பாடப்புத்தகங்களுக்குக் கன்றின் கதை வந்து சேர்ந்த அளவுக்கு இந்தக் கதை வந்து சேரவில்லை என்பது ஒரு தமிழாசிரியனாக எனக்குள்ள குறை.

இஸ்லாமியச் சட்ட மரபில் காயத்துக்கு ஈடு என்பது ஆரம்பத்திலிருந்தே எழுத்தில் இருந்தது. உயிருக்கு 100 ஒட்டகம், ஒரு கண்ணுக்கு 50, ஒரு விரலுக்கு 10, ஒரு பல்லுக்கு 5 என்று தியத்தின் அளவுகள் ஹதீஸ் நூல்களில் வருகின்றன. பெருவிரலும் சுண்டுவிரலும் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸ் என்னைக் கவர்ந்த ஒன்று. கொத்தனின் பெருவிரல், வியாபாரியின் பெருவிரல் என்ற பேதமும் அதில் இல்லை. (பெண்ணின் தியத் பாதி என்று பெரும்பான்மையான பழைய சட்ட அறிஞர்கள் சொன்னார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அது இன்று விவாதிக்கப்படும் விடயம்.) தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்று சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 92 ஆம் வசனம், தியத்தை இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது, அவர்களாக விட்டுக்கொடுத்தாலே தவிர என்று விலக்கும் வைக்கிறது. அந்த விட்டுக்கொடுப்புக்குக் குர்ஆன் பயன்படுத்தும் சொல் 'ஸதகா' என்ற வேரில் பிறந்தது. ஸதகாவைக் கொடுப்பவர்தான் தீர்மானிக்கலாம். வாங்குபவர் அதைக் கடமையாகக் கேட்டுப் பெற முடியாது.

அதற்காக எல்லா விபத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கட்ட வேண்டும் என்று பிக்ஹு சொல்லவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு பிரபலமான ஹதீஸ் விலங்கு, கிணறு, சுரங்கம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு ஈடு இல்லை என்கிறது. தன் காணியில் கிணறு தோண்டியவன், அதற்குள் யாரோ தற்செயலாக விழுந்ததற்காகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கிணறு தோண்டக் கூலிக்கு வந்தவன் மேல் மண் சரிந்தாலும் அப்படியே என்று விளக்கம் எழுதினார்கள். இன்றைய தொழிலாளி ஒருவருக்கு இது கசப்பாக இருக்கும். (அதே சமயம், உஸ்மானிய அரசின் 1869 ஆம் ஆண்டுச் சுரங்க ஒழுங்குவிதிகள் விபத்தில் சிக்கிய சுரங்கத் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் ஈடு வழங்க வழிசெய்தன. காலம் மாறியபோது சட்டமும் நகர்ந்திருக்கிறது.)

ஆனால் அந்தக் கிணற்று விதிக்குச் சட்ட அறிஞர்கள் போட்ட எல்லைக்கோடுகளில்தான் நமது விடயம் இருக்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபின் தூண்களில் ஒன்றான இமாம் நவவி (ரஹ்) 1277 இல் மறைந்தவர். அவர்களுடைய 'மின்ஹாஜ்' நூலும் அதன் விரிவுரைகளும் நம் அரபு மத்ரஸாக்களுக்குப் புதியவை அல்ல. அதில் தியத் பற்றிய பாடத்தில் ஒரு சிறு மஸ்அலா வருகிறது. ஒருவன் தன் வீட்டு நடையில், அதாவது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட வழியில், கிணறு தோண்டியிருக்கிறான். அவனே ஒருவரை உள்ளே வரும்படி அழைக்கிறான். வந்தவர் அதில் விழுந்துவிட்டார். கிணறு இருப்பது அவனுடைய சொந்த இடத்தில்தான். முதல் விதிப்படி பொறுப்பு இருக்கக் கூடாது. ஆனாலும் வலுவான கருத்தின்படி அவன் பொறுப்பாளி என்கிறார்கள் இமாமவர்கள். அழைப்பு வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. இருட்டாலோ, மேலே மூடியிருந்ததாலோ வந்தவருக்குக் கிணறு தெரியாமல் இருந்திருக்க வேண்டும் என்று விரிவுரையாளர்கள் நிபந்தனை சேர்த்தார்கள். தெரிந்தே காலை வைத்தவருக்கு ஈடில்லை.

கடை என்பது என்ன? கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பெயர்ப்பலகை மாட்டி, "வாங்க, வாங்க" என்று ஊரையே கூப்பிடும் ஒரு நடைவழிதானே அது. அந்த மஸ்அலாவை வாசித்தபோது எனக்கு நம் பஸார் வீதிதான் கண்ணுக்குள் வந்தது.

அதே பாடத்தில் தெருவில் குப்பையையும் வத்தகைத் தோலையும் எறிந்து அதில் ஒருவர் சறுக்கினால் எறிந்தவர் பொறுப்பு என்றும், தெருப்பக்கம் நீட்டிய பீலி விழுந்தால் நீட்டியவர் பொறுப்பு என்றும் வருகின்றன. நீட்டுவதற்கு அனுமதி இருந்தாலும் அது விழுந்து சேதம் வந்தால் கட்டத்தான் வேண்டும். கஸ்ஸாலி இமாம் கண்டித்த வத்தகைத் தோல் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நவவி இமாமின் சட்ட நூலிலும் கிடப்பதைப் பார்த்தால், அந்தக் கால ஷாம் தேசத் தெருக்களில் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

விழுந்த பிறகு ஈடு என்பது ஒரு புறம். விழாமல் தடுப்பது மறுபுறம். பின்னதற்கு 'முஹ்தஸிப்' என்ற சந்தை அதிகாரி இருந்தார். 12 ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ முஹ்தஸிப்களுக்காகவே எழுதிய கையேட்டில், ஹம்மாம்காரர் தரைக் கற்களைச் சொரசொரப்பான பொருளால் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சவர்க்காரமும் இலந்தைத் தூளும் ஒட்டி மக்கள் கால் வழுக்கும் என்று சொல்லியிருக்கிறார். கஸ்ஸாலி சொன்ன அதே சவர்க்காரம்தான். ஒருவர் நீதிபதியின் இடத்தில் நின்று பேசினார், மற்றவர் சுகாதாரப் பரிசோதகரின் இடத்தில் நின்று பேசினார்.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்த்துக் கெடுத்தவன் பொறுப்பாளி என்ற ஹதீஸும் இதே வரிசையில்தான் வருகிறது. நம் ஊர்களில் ஒஸ்தா மாமாவின் கத்தி தவறினால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் கத்னா செய்பவரின் பொறுப்பைப் பற்றிப் பிக்ஹு நூல்கள் தாராளமாகவே பேசுகின்றன. உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டக்கோவை, கொல்லன் பட்டறையிலிருந்து பறந்த தீப்பொறி தெருவில் போகிறவனின் உடுப்பை எரித்தால் கொல்லன் கட்ட வேண்டும் என்று தனியாகவே ஒரு விதியில் சொல்கிறது. இலாபம் யாருக்கோ இடரும் அவருக்கே என்ற பொதுவிதியும் அதில் உண்டு.

இப்படியெல்லாம் இருந்தும், இலங்கை முஸ்லிம் ஒருவர் கடையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அவருக்கு ஈடு பெற்றுத் தரும் சட்டம் இந்த மரபிலிருந்து வரவில்லை. அது ரோமாபுரியிலிருந்து வருகிறது. அது வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது, தம் நாட்டில் வழங்கிய உரோம-டச்சுச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1799 ஆம் ஆண்டுப் பிரகடனம் முன்பிருந்த சட்டங்கள் தொடரும் என்றது. முஸ்லிம்களுக்கென 1806 இல் ஒரு சட்டக்கோவை வெளியானது. அது பேசியது வாரிசுரிமையையும் திருமணத்தையும். தியத், ழமான், கிணறு, வத்தகைத் தோல் எதுவும் அதற்குள் வரவில்லை. 'முஸ்லிம் சட்டம்' என்றால் கலியாணமும் காணிப் பங்கும்தான் என்று நாம் நினைத்துப் பழகியதில் அந்தக் கோவைக்குப் பெரிய பங்குண்டு என்பது என் எண்ணம். ஒரு முழு மரத்தில் இரண்டு கிளையை மட்டும் வெட்டி எடுத்து இதுதான் உங்கள் மரம் என்று கையில் தந்தார்கள், நாமும் வாங்கிக்கொண்டோம்.

மற்றதற்கெல்லாம் உரோம-டச்சுச் சட்டம். காயத்தைப் பொறுத்தவரை அதன் வேர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்குவீலியச் சட்டம். கி.பி. 533 இல் யுஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட பெருந்தொகுப்பில் அதற்கான உதாரணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று நாவிதனைப் பற்றியது. சிலர் பந்து விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாவிதன் நாற்காலி போட்டுச் சவரம் செய்துகொண்டிருக்கிறான். வேகமாக வந்த பந்து அவன் கையில் பட்டு, சவரக்கத்தி வாடிக்கையாளனாக இருந்த அடிமையின் தொண்டையை அறுத்துவிட்டது. குற்றம் யாருடையது? விளையாட்டு நடக்கும் இடத்தில் கடை போட்ட நாவிதனுடையது என்று ஒரு சாரார். அப்படியான இடத்தில் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்தவன் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும் என்று இன்னொருவர். நடைக் கிணற்றுக்கு நம் விரிவுரையாளர்கள் போட்ட நிபந்தனையும் இதுவும் ஒரே கேள்வியைத்தான் இரு ஊர்களில் இருந்து கேட்கின்றன.

ரோமர்களிடம் ஒரு விசித்திரமும் இருந்தது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதிக்க முடியாது என்பது அவர்கள் கொள்கை. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. விளைவு என்ன? மேல் மாடியிலிருந்து எறிந்த பொருள் தலையில் பட்டவனுக்கு வைத்தியச் செலவும், வேலை செய்ய முடியாமல் போன நாட்களின் வருமானமும் கிடைக்கும். முகத்தில் விழுந்த வடுவுக்கு ஒன்றும் கிடையாது. பின்னர் ஒல்லாந்தரின் நடைமுறைதான் வலிக்கும் வடுவுக்கும் ஈடு கேட்கும் வழியைச் சேர்த்தது. நம் பிக்ஹு நேர் எதிரான வழியில் போய், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒட்டகக் கணக்கு வைத்தது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விலை மதிக்க மாட்டோம் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவதைவிட, விலை மதித்துக் கையில் கொடுப்பது ஏழைக்கு நல்லது என்று மட்டும் சொல்வேன்.

ஆங்கிலேயரின் பக்கம் வேலையாளுக்கு நிலைமை நெடுங்காலம் மோசமாகவே இருந்தது. 1837 இல் ஒரு வழக்கு. இறைச்சிக் கடையில் வேலை செய்த பையன் ஒருவன், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஜூரிகள் அவனுக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். மேல் நீதிமன்றம் அதைப் பறித்துவிட்டது. முதலாளியின் தவறை நிரூபிக்காமலே வேலையாள் ஈடு பெறும் சட்டம் அங்கே 1897 இல் வந்தது. இலங்கைக்கு அது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக வந்து சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் பையன் சாமான் மூட்டை விழுந்து காயப்பட்டால், முதலாளி கவனக்குறைவாக இருந்தாரா என்று அவன் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தது என்றால் போதும். அதன் அட்டவணையைப் பார்த்தால் இன்ன உறுப்புக்கு இன்ன வீதம் என்று வரிசையாக இருக்கும். ஒட்டகக் கணக்கைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாகவே தெரியாது. ஒரு வித்தியாசம்: இங்கே தொகை சம்பளத்தைப் பொறுத்து மாறும், ஆகவே கூலி குறைந்தவனின் விரல் மலிவு.

சாமான் வாங்க வந்தவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர் பழைய அக்குவீலிய வழியில்தான் போக வேண்டும். கடைக்காரரின் கவனக்குறைவு, தனக்கு ஏற்பட்ட நட்டம், இரண்டுக்கும் உள்ள தொடர்பு எல்லாவற்றையும் காட்ட வேண்டும். கவனம் என்றால் எவ்வளவு கவனம் என்பதற்கு ஆங்கில வழக்குகளையும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் நம் நீதிமன்றங்களில் உண்டு. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 1866 இல் தீர்ந்த ஒரு வழக்கில், சீனி ஆலையொன்றுக்குக் காஸ் விளக்கைப் பார்க்க வந்த தொழிலாளி, வேலி போடாத ஒரு துவாரத்தினூடாகக் கீழே விழுந்துவிட்டார். அலுவல் நிமித்தம் வருபவருக்கு, அவருக்குத் தெரியாத ஆபத்திலிருந்து பாதுகாப்புத் தர வேண்டிய கடமை இடத்துக்காரருக்கு உண்டு என்றது நீதிமன்றம். ஆங்கிலச் சட்ட மாணவர்கள் இதைப் பெரிய மைல்கல்லாகப் படிக்கிறார்கள். நவவி இமாமின் நடைக் கிணறு அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டு மூத்தது.

இரண்டாவது வழக்கு கஸ்ஸாலி இமாமின் பக்கத்தை அப்படியே நினைவூட்டுவது. 1974 இல் லிவர்பூல் நகரில் டெஸ்கோ சுப்பர்மார்க்கட் ஒன்றின் தரையில் யோகட் சிந்திக் கிடந்தது. சாமான் வாங்க வந்த ஒரு பெண்மணி அதில் சறுக்கி விழுந்தார். யோகட் எப்போது சிந்தியது என்று யாருக்கும் தெரியாது. விழுவதற்கு ஒரு நிமிடத்துக்கு முன் சிந்தியிருந்தால் கடையைக் குற்றம் சொல்ல முடியாது. அரை மணித்தியாலமாகக் கிடந்திருந்தால் சொல்லலாம். அதை நிரூபிக்க வேண்டியவர் யார்? தரையை நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை கூட்டுவோம் என்றது கடை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர், துப்புரவு எப்படி நடந்தது என்பது கடைக்குத்தான் தெரியும், ஆகவே விளக்கம் சொல்ல வேண்டியதும் கடைதான் என்றார்கள். ஒருவர் மாறுபட்டார். அந்தப் பெண்மணிக்குக் கிடைத்தது 137 பவுண் 50 பென்ஸ். பெரிய தொகை இல்லை. ஆனால் கேள்வி அதே கேள்வி: சவர்க்காரம் எத்தனை நேரம் கிடந்தது, அதைத் துடைக்கும் வழக்கம் யாருடையது?

இனி ஊருக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவனின் தாய், வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். பெருநாளைக்கு முந்திய கிழமை ஒரு கடைக்குப் போயிருக்கிறார். ஆட்கள் நிறைந்திருந்த நேரத்திலேயே மாபிள் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஓர் அறிவித்தலோ குறுக்கே ஒரு கதிரையோ இல்லை. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடக்கிறார். மெஷின் மிதிக்க முடியாது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. அப்பிள் பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போய், கடித உறையில் பத்தாயிரம் ரூபாவும் வைத்தார். "அல்லாட கத்ர் ராத்தா, மனசுல வெச்சிக்காதீங்க" என்று சொன்னார். பிள்ளையின் மாமா பிறகு போய்ச் செலவுக் கணக்கைக் காட்டியபோதுதான் முகம் மாறியது. விடயம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போனது. "ஒரு முஸ்லிம்ட கடய கோட்டுக்கு இழுக்கப் போறீங்களா? கத்ர ஒத்துக்கிறல்லயா?" என்று கேட்டார்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பேசுவோம், ஹஜ்ஜுக்குப் பிறகு பேசுவோம் என்று பேச்சு நீண்டது. கடைசியில் சட்டத்தரணி ஒருவரிடம் போனபோது விபத்து நடந்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, இப்படியான நட்டத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பள்ளிவாசலில் பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது.

கத்ரை நம்பாத முஸ்லிம் இல்லை. தவறுதலாகக் கொன்றவன் தியத் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் குர்ஆன் கத்ரை அறியாத வேதமா? ஹம்மாமில் விழுந்தவனுக்கு ஈடு கணக்கிட்ட கஸ்ஸாலி இமாமைவிடக் கத்ரைப் பற்றி அதிகம் யோசித்தவர் நம் நிர்வாக சபையில் யார் இருக்கிறார்? விழுந்தது கத்ர் என்றால், கழுவிய தரைக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்தாத கடைக்காரர் கட்ட வேண்டி வருவதும் கத்ர்தான். அதை மட்டும் யாரும் அவருக்கு ஞாபகப்படுத்துவதில்லை. விட்டுக்கொடுப்பது காயப்பட்டவரின் ஸதகா. அவர் தன் உரிமை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, பின்பு விட்டுக்கொடுத்தால் அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. உரிமையே தெரியாதவரிடமிருந்து வாங்கும் மன்னிப்புக்குப் பெயர் வேறு.

கடைக்காரர்களின் பயமும் எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு சின்னக் கடைக்கு ஒரு இடுப்பெலும்பின் செலவே முதலைக் கரைத்துவிடும். அதற்கும் நம் மரபில் வழி இருந்தது. தவறுதலான கொலைக்குரிய தியத்தை ஒருவன் தனியாகச் சுமப்பதில்லை. 'ஆகிலா' எனப்படும் அவனுடைய கூட்டத்தார் பகிர்ந்துகொள்வர். உமர் (ரழி) அவர்கள் பதிவேட்டில் பெயருள்ள படைவீரர்களிடையே அதைப் பங்கிட்டு, மூன்று வருடத்தில் கட்ட வைத்ததாக வருகிறது. ஹனபி மத்ஹபினர் அதை ஆதாரமாகக் கொண்டார்கள். இன்று தகாபுல் பேசுகிறவர்கள் ஆகிலாவை முன்னோடியாகக் காட்டுகிறார்கள். நம் வியாபாரச் சங்கங்கள் கடைகளுக்குத் தீக்காப்புறுதியோடு, வாடிக்கையாளர் காயத்துக்கான காப்புறுதியையும் கூட்டாக எடுக்க முடியாதா என்று ஒருவரிடம் கேட்டேன். "சேர், முதல்ல எல்லாரும் சந்தாவக் கட்டட்டும்" என்றார்.

காயப்பட்டவர் பக்கம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. விழுந்த இடத்தை அன்றைக்கே படம் பிடிக்க வேண்டும். தரை காய்ந்த பிறகு படத்தால் பலனில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் பெயரை எழுதிவைக்க வேண்டும். கடையின் கமராப் பதிவைக் கேட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவை சில நாளில் அழிந்துவிடும். வைத்தியசாலை அட்டையில் 'சறுக்கி விழுந்தது' என்று மட்டும் எழுதவிடாமல் எங்கே விழுந்தது என்பதையும் சொல்லி எழுதுவிக்க வேண்டும். மருந்துத் துண்டு, ஓட்டோக் கூலி, தையலில் வந்த மாத வருமானத்தின் கணக்குக் கொப்பி எல்லாமே பிறகு தேவைப்படும். கடித உறையோடு சேர்த்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு கடிதாசி நீட்டப்பட்டால் கட்டிலில் படுத்துக்கொண்டு கையெழுத்து வைக்கக் கூடாது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். ஒரு சதமும் இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல ஊர்களில், அநேகமாக நீதிமன்றக் கட்டடங்களுக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கின்றன. போகும்போது விபத்து நடந்த திகதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது. அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.